உரையாடலிற் கதை சொல்லுந் திறன்

கதை சொல்லாத மனிதர் எவருமிலர். மீன் வாங்கச் சந்தைக்குச் சென்று மீண்டவர் மீனின் விலையோடு நிறுத்துவதில்லை. அங்கே யாரைக் கண்டார், யார் யாரோடு வாய்த்தர்க்கம் செய்தார் என்பதையுஞ் சேர்த்தே வீட்டார்க்குச் சொல்லுகின்றார். பாடசாலை விட்டு வந்த சிறுவன் புத்தகப் பையை இறக்கி வைக்குமுன்னரே, “அம்மா, இண்டைக்கு என்ன நடந்தது தெரியுமே?” என்று தொடங்கிவிடுகின்றான். மேடையேறிப் பேசுதல் சிலர்க்கே வாய்ப்பது. உரையாடலிற் கதை சொல்லுதலோ எல்லார்க்கும் நாள்தோறும் நேர்வது.

ஆயினும், எல்லார் கதையும் ஒரு தன்மையாகக் கேட்கப்படுவதில்லை. பழைய மாணவர் ஒன்றுகூடும் இத்தகைய விழாக் காலத்தில் இதனைக் கண்கூடாகக் காணலாம். ஒரே வகுப்பில் ஒரே வாங்கிலிருந்து படித்த இருவர் ஒரே நிகழ்ச்சியைச் சொல்லுவர். ஒருவர் சொல்லும்போது சுற்றி நிற்போர் இன்னும் நெருங்கி வருவர். மற்றவர் சொல்லும்போது தேநீரைத் தேடிச் செல்வர். இவ்வேறுபாடு பிறவியிலேயே அமைந்ததென்று பலர் எண்ணுகின்றனர். குரல்வளமும் நகைச்சுவையுணர்வும் ஓரளவு பிறவியில் அமைவன என்பது மெய்யே. எஞ்சிய பகுதி பயிற்சியால் வருவது என்பதே எமது துணிபு. தமிழ் கற்பிக்குந் தொழிலில் யாம் கண்டனவற்றையும், தவறு செய்து அறிந்தனவற்றையும் மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் பயன்படுமாறு ஈண்டு எழுதுகின்றோம்.

கதை நிறைந்த மாவட்டம்

நாம் வாழும் திருகோணமலை மாவட்டம் கதைகளால் நிறைந்தது. கோணேசர் ஆலயம் அமைந்த சுவாமி மலையிலே பாறை பிளந்திருக்கும் இடத்தை இராவணன் வெட்டு என்கின்றோம். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. தாயின் ஈமக்கடன் கழிக்க இராவணன் தோற்றுவித்தவை அவை என்பர். அக்கதையை நம்பியே இன்றும் பெற்றோர்க்குரிய கடன்களை அங்கே செய்வாருளர். கந்தளாய்க் குளத்தைப் பேசினால் குளக்கோட்டன் கதை உடன் வரும்.

இக்கதைகள் இத்துணைக்காலம் நிலைத்தமைக்குக் காரணம் யாது? ஒவ்வொன்றும் கையாற் சுட்டிக்காட்டத்தக்க ஒரு பொருளோடு பிணைந்திருக்கின்றது. வெட்டுண்ட பாறையைக் கண்ணாற் காண்கின்றோம். கிணற்று நீரின் சூட்டைக் கையால் உணர்கின்றோம். இன்னொரு காரணமும் உண்டு. ஒவ்வொன்றையும் ஒரே வாக்கியத்திற் சொல்லிவிடலாம். “தாய்க்குக் கடன் செய்ய நீர் வேண்டி ஒரு மகன் நிலத்தைக் குத்தினான்” என்றால் கன்னியாக் கதை முடிந்தது. விரித்துச் சொல்லுவோர் விரிக்கலாம். எவ்வளவு விரித்தாலும் கரு மாறுவதில்லை.

கருவை அறிதல்

கதை சொல்லுவோர் முதலிற் செய்யவேண்டியது கருவைத் தேர்ந்துகொள்ளுதல். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம்.

எம்முடன் பணியாற்றிய நண்பரொருவர் இரவுத் தபால் வண்டியிற் கொழும்புக்குச் சென்று வந்தார். வழியில் யானை மறித்ததாம். மறுநாள் ஆசிரியர் அறையில் அதனைச் சொல்லத் தொடங்கினார்:

“நான் கொழும்புக்குப் போனது செவ்வாய்க்கிழமை. இல்லை, புதன்கிழமை. ஓம், புதன்தான்; ஏனெண்டால் அண்டைக்குத்தான் எங்கட மச்சான் வந்தவர். மச்சானைத் தெரியுந்தானே? உவர்மலையில வீடு கட்டினவர். அந்த வீட்டுக்குக் கல்லு ஏத்தின லொறிக்காரன் செய்த வேலை இருக்கே...”

லொறிக்காரன் செய்த வேலை முடியுமுன்னரே பாடவேளைக்குரிய மணி அடித்துவிட்டது. யானை வரவேயில்லை. பின்னொருநாள் அவரைத் தனியே கண்டு, “அந்தப் பயணத்தில் உங்கள் மனத்தை விட்டு நீங்காதது எது?” என்று கேட்டோம். சிறிது நேரம் எண்ணியிருந்து அவர் சொன்னது இது:

“ஸ்ரேசனில ஒரு மனுசன் சீற்றுக்காக என்னோட சண்டை பிடிச்சவர். கந்தளாய் தாண்டிக் காட்டுக்குள்ள வண்டி நிண்டிட்டுது. வெளியில யானை. அந்த மனுசன் என்ர கையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டார். யானை போன பிறகும் விடேல்லை.”

இதுவன்றோ கதை! யானை அக்கதைக்கு நிலைக்களன் மாத்திரமே. பகைத்த கை பற்றிய கையானதே அதன் கரு. நண்பர் முதன்முறை சொல்லியபோது தம் கதையின் கரு யாதென்பதைத் தாமே அறியார். அறியாமையினாலேயே கிழமையையும் மச்சானையும் லொறிக்காரனையும் ஒருங்கே ஏற்றிக்கொண்டார். ஆதலின் வாய் திறக்குமுன், “இந்நிகழ்ச்சியில் என் மனத்தைத் தொட்டது எது?” என்று தம்மைத் தாமே வினவுதல் கதை சொல்லுவார்க்கு முதற்பாடம். விடை ஒரு வாக்கியத்துக்குள் அடங்கல் வேண்டும். அடங்காவிடின், அக்கதை இன்னும் பழுக்கவில்லை என்று கொள்க.

நன்னூலார் காட்டும் நெறி

பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்திலே ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தும், ஆகும் அழகுகள் பத்தும் வகுத்தனர். தேர்வுக்காக மனனஞ் செய்து, தேர்வு முடிந்ததும் நாம் மறந்துவிட்ட பகுதி அது. அவர் நூலை நோக்கி வகுத்தவற்றை நாம் நாவுக்கும் ஏற்றிக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஈண்டு விரியாது, உரையாடலிற் பெரிதும் நேர்வனவற்றை மாத்திரம் காண்போம்.

மற்றொன்று விரித்தல் முதலாவது. எடுத்த பொருளை விட்டு அயற்பொருளைப் பெருக்குதல். நண்பரின் மச்சானும் லொறிக்காரனும் இதன்பாற் படுவர். இதற்கு மருந்து, கருவுக்கு உதவாத பெயர், நாள், உறவுமுறை ஆகியவற்றை இரக்கமின்றி விடுத்தல். மெய்யாயினும் வேண்டாதது வேண்டாததே.

குன்றக் கூறல் இதற்கு மறுதலை. வேண்டியதையே சொல்லாது விடுதல். தாம் நன்கறிந்தது பிறர்க்குந் தெரியுமென்று எண்ணுவதால் இது நேர்கின்றது. பழைய மாணவர், “அந்த மாமரத்தடியில் நடந்ததே!” என்று சொல்லித் தமக்குள் நகைப்பர். அருகில் நிற்கும் இளைஞனுக்கு அம்மரம் எதுவென்றே தெரியாது. மரமும் இப்போது இல்லை. கேட்போர் யாரென்று அறிந்து சொல்லுதல் வேண்டும். திருவள்ளுவர் அவையறிதல் என ஓர் அதிகாரமே அமைத்தமையை நினைவிற் கொள்க. நால்வர் கூடிய திண்ணையும் ஓர் அவையே.

கூறியது கூறல், சொன்னதையே திரும்பச் சொல்லுதல். ஒருமுறை நகைத்தவரை மறுமுறையும் நகைப்பிக்க முயலுதல் இதன் வகை. கணவன் இக்கதையைச் சொல்லுவது எத்தனையாவது முறை என்பதை மனைவியின் முகமே காட்டிக்கொடுக்கும்.

சென்று தேய்ந்திறுதல் என்பது மிடுக்காகத் தொடங்கிப் போகப் போக வலிகுன்றி முடிதல். உரையாடலில் இதுவே மிகப் பரவிய குற்றம் என்போம். உச்சத்தை அடைந்த பின்னரும் நாவை நிறுத்த மனம் வாராது, “பிறகு நான் கொழும்பிலை இறங்கி, சாப்பிட்டு, வேலையை முடிச்சு...” என்று நீட்டுகின்றோம். யானை போன பின்பும் அம்மனிதர் கையை விடவில்லை என்றவுடன் கதை முடிந்துவிட்டது. முடிந்த இடத்தில் நிறுத்துவதற்குத் துணிவு வேண்டும். கடைசி வாக்கியத்தை முன்கூட்டியே மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்குவோர்க்கு இத்துணிவு எளிதிற் கைகூடும்.

ஈழத்துச் சைவக் கோயில்களில் நடைபெற்றுவரும் புராணபடனம் இவ்வகையில் நமக்கு நல்ல பாடசாலை. ஒருவர் செய்யுளை இசையோடு படிக்க, மற்றொருவர் பயன் சொல்லுவார். படிப்பவர் நிறுத்துமிடத்திற் கேட்போர் நெஞ்சில் வினா எழும்; பயன் சொல்பவர் அதற்கு விடையளிப்பார். நிறுத்தமுங் கதையின் ஒரு பகுதியே என்பதை அங்கே செவியாற் பயிலலாம். உரையாடலிலும் உச்சத்துக்குச் சற்று முன்னர் மூச்சுவிடும் அளவுக்கு நிறுத்துக. கேட்பவர், “பிறகு?” என்பார். அந்த ஒரு சொல்லைப் பெற்றுவிட்டவர் கதையில் வென்றவராவர்.

ஒரு தொப்பியின் கதை

கருவைத் தேர்ந்து, குற்றங்களைக் களைந்தபின் கதைக்கு உயிரூட்டுவது எது? கண்முன் நிற்கும் ஒரு சிறு பொருளே என்போம். இதற்கு எமது குடாவுக்கு அப்பாலுள்ள மூதூரிலிருந்தே சான்று காட்டலாம்.

புயலிற் பாய்மரம் இழந்த ஆங்கிலக் கப்பலொன்று பழுது பார்த்தற்பொருட்டுக் கொட்டியாரக் குடாவை அடைந்தது. 1660ஆம் ஆண்டில் அதன் தலைவரும், அவர் மகன் ரொபேட் நொக்ஸும், பிறருமாகப் பதினாறு பேர் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டனர். அப்போது மகனுக்கு அகவை 19. அடுத்த ஆண்டிலே தந்தை காய்ச்சலால் இறந்தார். மகன் 19 ஆண்டுகளுக்கு மேல் கண்டி நாட்டில் இருந்து, 1679இல் தப்பி அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அவர் எழுதிய இலங்கை வரலாறு 1681இல் இலண்டனில் வெளிவந்தது. விஞ்ஞானி ரொபேட் ஹூக் அதற்கு முன்னுரை வழங்கினார்.

அந்நூலிலே அரசியல், பயிர்த்தொழில், சமயம் ஆகியன பற்றிப் பல செய்திகள் உண்டு. ஆயினும் படித்தோர் மறவாதது ஒரு தொப்பியை. தந்தையை இழந்து, நோயுற்று, தனித்திருந்த நொக்ஸ், ஒருநாள் முதியவரொருவரிடம் ஆங்கில வேதாகமம் ஒன்று இருக்கக் கண்டார். தம் மொழியில், தம் சமயநூல்! கையில் எஞ்சியிருந்த ஒரே பொற்காசையுங் கொடுத்துவிட அவர் மனம் துடித்தது. உடனிருந்த பணியாட் சிறுவன் அவரைத் தடுத்தான். ஈற்றில் நூலாற் பின்னிய ஒரு தொப்பியைக் கொடுத்து அந்நூலைப் பெற்றுக்கொண்டனர்.

“சிறையிருப்பில் மிகுந்த துயருற்றேன், இறைவன் ஆறுதல் அளித்தான்” என்று மாத்திரம் அவர் எழுதியிருப்பின் நாம் தலையசைத்து அப்பாற் சென்றிருப்போம். தொப்பியோ மூன்று நூற்றாண்டு கடந்தும் நம் கண்முன் நிற்கின்றது. நம் கதையிலும் ஒரு தொப்பி இருத்தல் வேண்டும். அஃது ஒரு குடையாகலாம், கிழிந்த பயணச்சீட்டாகலாம், பற்றிய கையாகலாம். ஒன்று போதும். பத்துப் பொருளை அடுக்கினால் ஒன்றும் நில்லாது.

மெய்யும் மிகையும்

சுவை கூட்டுதற்பொருட்டு மிகைபடக் கூறலாமோ என மாணவர் எம்மை வினவுவதுண்டு. இதற்கும் சுவாமி மலையிலேயே விடை உண்டு. அங்குள்ள ஒரு கற்றூண் பிரான்சினா வான் ரீட் என்னும் ஒல்லாந்தப் பெண்ணின் பெயரோடு தொடர்புடையது. காதலன் கப்பலேறிச் செல்லக் கண்டு அவள் மலையிலிருந்து கடலிற் குதித்தாள் என்பது வழிவழி வருங் கதை. தூணிற் பொறிக்கப்பட்டதோ அவள் பெயரும் 1687 என்னும் ஆண்டும் உள்ளிட்ட நினைவுக் குறிப்பே. அவள் அதன் பின்னரும் வாழ்ந்து மணஞ்செய்துகொண்டாள் என்று பழைய பதிவுகளை ஆய்ந்தோர் கூறுவர்.

கதை அழகிது, மறுப்பாரில்லை. “இப்படி ஒரு கதை சொல்லுவர்” என்று தொடங்கிச் சொல்லுவார் மேல் குற்றமில்லை. ஆனால் வாழ்ந்த ஒருத்தியை நம் சுவைக்காகக் கடலிலே தள்ளிவிட்டோமே என்பதையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். உரையாடலில் நாம் சொல்லுவன பெரும்பாலும் அயலவரையும் உறவினரையும் பற்றியன. குரலை மிகைப்படுத்தலாம், கைவீச்சை மிகைப்படுத்தலாம், ஒருவர் செய்யாததைச் செய்தார் என்றல் ஆகாது. பிறர் நாணும் செய்தியைச் சொல்லி அவையை நகைப்பித்தல் திறனுமன்று, அறமுமன்று. கதையில் நகைக்கப்படுபவர் யாரேனும் இருத்தல் வேண்டுமாயின், அவர் சொல்லுபவராகவே இருத்தல் நன்று.

கேட்போர் கடமை

இதுகாறும் சொல்லுவோரைப் பற்றியே எழுதினோம். கதை ஒருவரால் ஆவதன்று. கேட்போரும் அதன் ஆக்கத்திற் பங்குடையர். முன்னாளில் பாட்டிமார் கதை சொல்லுங்கால் பிள்ளைகள் “உம்” கொட்டுதல் வேண்டும். உம் நின்றால் கதையும் நிற்கும். இதை யாம் நூலிற் படித்தறிந்தோமாயினும், வாழ்விற் பிழைசெய்தே உணர்ந்தோம்.

ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி முடித்து வந்த புதிது. எம் அம்மம்மாவுக்கு அப்போது எழுபத்தைந்து அகவை இருக்கும். என்றும் பழங்கதை பேசாதவர், ஒருநாட் பிற்பகல் முற்றத்திலிருந்து சுளகிற் புடைத்துக்கொண்டே, தாமாகவே சொல்லத் தொடங்கினார்:

“யப்பான்காரன் குண்டு போட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம்பி. நான் விடிய உலையில அரிசி போட்டிட்டன். என்ர தம்பி கிணத்தடியில நிண்டவன்...”

யாம் இடைமறித்தோம். “இல்லை அம்மம்மா, ஞாயிற்றுக்கிழமை குண்டு போட்டது கொழும்பில். அது 1942 ஏப்பிரில் 5. திருகோணமலையில் ஏப்பிரில் 9ஆந் திகதி, வியாழக்கிழமை” என்றோம். திருத்தியதிற் பிழையில்லை. நாளுங் கிழமையுஞ் சரியானவையே. அம்மம்மா எம்மை நிமிர்ந்து பார்த்தார்.

“ஓம் தம்பி, நீ படிச்ச பிள்ளை. உனக்குத் தெரியும்” என்றார். சுளகை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

பின்னர் இருமுறை கேட்டோம். “அதெல்லாம் பழைய கதை. உன்ர புத்தகத்தில இருக்குந்தானே” என்று நகைத்து விலக்கினார். மூன்றாண்டு கழிந்து அவர் காலமானார். அவருக்கு ஒரு தம்பி இருந்தார் என்பதையே எம் தாயாரும் அறிந்திலர். கிணற்றடியில் நின்ற அச்சிறுவனுக்கு என்ன நேர்ந்தது? உலையில் இட்ட அரிசியை உண்டவர் யாவர்? அறிவார் இன்று எவருமிலர். சீனன் குடாவில் விமானமொன்று எண்ணெய்த் தாங்கிமீது மோதி எரிந்த செய்தி நூல்களில் உண்டு. கிணற்றடியில் நின்ற சிறுவன் எந்நூலிலும் இல்லை. அவன் ஒரு முதியவளின் நாவில் மாத்திரம் இருந்தான். ஒரு கிழமையின் பெயரைத் திருத்தப் புகுந்து அவனை யாம் இழந்தோம்.

ஆதலின் கேட்போர்க்குச் சிலவற்றை வற்புறுத்திச் சொல்லுவோம். இடைமறித்துத் திருத்தற்க, திருத்தவேண்டியது இருப்பின் கதை முடிந்தபின், அதுவும் வேண்டுமாயின் மாத்திரம், மெல்லச் சொல்லுக. “எனக்கும் இப்படித்தான்” என்று நடுவிலே தம் கதையை நுழைத்தற்க. வினவுவதாயின் “எந்த ஆண்டு?” என்று வினவாது, “அப்போது கையில் என்ன வைத்திருந்தீர்கள்?” என்று வினவுக. ஆண்டைக் கேட்டால் முதியவர் தேர்வு மண்டபத்தில் அமர்ந்த மாணவர் போலாவர். கையிலிருந்ததைக் கேட்டால் அந்நாளுக்கே மீண்டு செல்வர்.

நம் மாவட்டத்திலே சொல்லப்படாத கதைகள் பல. 2009 வரை நீண்ட போரிலும், 2004 திசெம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலையிலும் இழந்தவற்றை வாய்விட்டுச் சொல்லாதோர் ஒவ்வோர் ஒழுங்கையிலும் உளர். அவற்றைத் தோண்டியெடுக்க எவர்க்கும் உரிமையில்லை. அவர்களாகவே ஒருநாள், சுளகிற் புடைத்துக்கொண்டோ வலை பின்னிக்கொண்டோ, தொடங்குவர். அன்று அருகிலிருப்பவர் உம் கொட்டத் தெரிந்தவராய் இருத்தல் வேண்டும்.

பயிற்சி

மாணவர் பயிலத்தக்க முறையொன்றை எமது வகுப்பிற் கையாண்டு பயன் கண்டுள்ளோம். வீட்டிலுள்ள முதியவர் ஒருவரிடம் ஒரு வினா மாத்திரம் கேட்டு, அவர் சொல்லுவதை இடைமறியாது கேட்டு வருக. கேட்டவற்றின் கருவை ஒரே வாக்கியமாக எழுதுக. அக்கதையில் உள்ள ‘தொப்பி’ எதுவெனக் குறித்துக்கொள்க. கடைசி வாக்கியத்தை முடிவுசெய்க. பின்னர்த் தாளைப் பையில் வைத்துவிட்டு, ஐந்து நிமிடத்துள் வகுப்பிற் சொல்லுக. முதல்வாரம் நா எழாது நின்ற மாணவர் ஆறாம் வாரத்திற் பிறரை நகைப்பித்தும் கண்கலங்கச் செய்தும் இருக்கின்றனர். கட்டுரை எழுதும் திறனும் அதனோடு வளர்ந்தமை யாம் எதிர்பாராத ஊதியம்.

பழைய மாணவர்க்கு எமது வேண்டுகோள் ஒன்று. இவ்விழாவுக்கு வரும்போது அருகில் ஓர் இளைஞனை அமர்த்திக்கொள்ளுங்கள். வகுப்பறை எங்கே இருந்தது, ஆசிரியர் எப்படிப் பிரம்பு பிடித்தார், மதிய உணவுப் பொதியை யாரோடு பகிர்ந்தீர்கள் என்பனவற்றைச் சொல்லுங்கள். ஆண்டு பிழைத்தாலும் அஞ்சற்க. அதனைத் திருத்த வரவுப் பதிவேடு இருக்கின்றது. உணவுப் பொதியைப் பகிர்ந்தவரின் பெயர் அப்பதிவேட்டில் இராது.

இளைஞர்காள், நீவிர் உம் கொட்டுங்கள்.